பதினாறு நாள் விலாசம்

பிளாஸ்டிக் நாற்காலியோடு அப்பாவைத் தூக்கி லோரியின் முன்சீட்டில் இறக்குவதற்குள் சசிதரனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. மறுபக்கக் கதவு வழியே ஏறிய யோகேஸ்வரி மாமனாரின் தோளைத் தாங்கிக்கொண்டாள். சின்னையா எலும்பும் கம்பளியுமாக இருந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு நாளைக்கு முன்புதான் ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்திருந்தார்கள். அவர் வீட்டில் இருந்தால்தானே? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஞ்சியைத் தள்ளிவிட்டு, பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் அறைக்குத் தன்னைக் கொண்டுபோகச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். நிற்கவே பலமில்லாத மனிதருக்குப் பிடிவாதத்தில் மட்டும் குறைவில்லை.

தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டு ஜனம் முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. சின்னையாவின் தங்கை மணியம்மா லோரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். சாகக் கிடக்கிற மனுசனைப் பிறந்த லயத்தை விட்டுக் கிளப்புவது எந்த ஊர் நியாயம் என்று சசிதரனைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

"நாளைக்குப் பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்கு," என்றார் சின்னையா. "வண்டிய எடுடா."

பாப்பா என்பது பேத்தி லோஷினி. முதலாம் ஆண்டு படிக்கிறாள். லயத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருந்த பள்ளி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இருட்டோடு எழுந்து வேன் ஏற வேண்டும். போன வருஷம் மண் சரிந்து, பிள்ளைகள் சாயங்காலம் வரை பசியும் மழையுமாகச் சாலையிலேயே கிடந்தார்கள். டவுன் பள்ளியோ பக்கத்தில் இருந்தது, ஆனால் டவுனில் குடியிருப்பவர்களுக்குத்தான் இடம் என்றது. யோகேஸ்வரி தலையில் கைவைத்து உட்காரும் ரகம் இல்லை. பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் மீரானிடம் நேரே போனாள். கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையின் விலாசத்தை விண்ணப்பத்தில் போட்டாள். இவர்கள் என் மாடியில்தான் குடியிருக்கிறார்கள் என்று மீரானும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பொய்தான். அது பொய் இல்லையென்று அவள் ஒருநாளும் சாதித்ததில்லை. என் பிள்ளைக்காகச் சொன்னேன், கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்பாள்.

கேட்கிற நாளும் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் கள்ள விலாசத்தில் இடம் பிடித்துவிட்டார்கள் என்று யாரோ புகார் எழுதியிருந்தார்கள். வீடு பார்க்க ஆள் வரும், குடியிருக்கவில்லை என்று தெரிந்தால் பிள்ளையை மாற்றிவிடுவோம் என்று கடிதம் வந்தது. எல்லோருமாக டவுனுக்கே போய்விடலாம் என்றாள் யோகேஸ்வரி. சசிதரன் அசைந்து கொடுக்கவில்லை. தோட்டத்துத் தேயிலை லோரி ஓட்டுகிறவன், விடியும்போதே வேலை. அதோடு லயத்தை விட்டு வேறு எங்கே படுத்தாலும் அவனுக்குத் தூக்கம் வராதாம்.

அன்றைக்குப் பாயைச் சுருட்டியது சின்னையாதான். "சொன்ன பொய்ய மெய்யாக்கிட்டா முடிஞ்சிச்சுலா," என்று சொல்லி, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மீரான் கடை மாடிக்கு ஏறிவிட்டார். வார நாளெல்லாம் தாத்தாவும் பேத்தியும் அங்கே, சனி ஞாயிறு லயத்தில். இப்படி மூன்று வாரம் ஓடியது. பிறகு அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போக, அறையில் பூட்டுத் தொங்கியது. அதிகாரி இன்னும் வரவில்லை, எந்த நாளும் வரலாம்.

பூட்டைத் திறந்து வைக்கத்தான் மாமா இந்தப் பாடுபடுகிறார் என்று யோகேஸ்வரி நினைத்துக்கொண்டாள். அவள் நினைத்தது பாதிதான் சரி.

திங்கட்கிழமை காலை லோஷினி பையை மாட்டிக்கொண்டு தாத்தாவின் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கீழேயிருந்து மீரான் தானே தேநீர் கொண்டுவந்து தந்தார். சின்னையா இரண்டு மிடறு குடித்தார். ஜன்னல் வழியே காய்கறி லோரிகளின் இரைச்சல் வந்தது.

"நான் டவுன்லதான இருக்கேன்?" என்று கேட்டார்.

"டவுன்லதான் மாமா. லைன் வீட்டுக்குப் போகணுமா?"

"வேணாம். இங்கயே இருக்கேன்."

பத்து மணிவாக்கில் அவள் பிள்ளையின் சீருடையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் கை பாயை விட்டு வெளியே கிடந்தது. தொட்டதும் தெரிந்துவிட்டது. கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, காலை நேராக்கி, செய்யவேண்டியதை எல்லாம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அவளை ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனிதர். வாய்விட்டு அழுதாள்.

மீரான் கடையின் இரும்புக் கதவை இழுத்துவிட்டு மேலே வந்தார். குறுகலான மாடிப்படியில் உடலை இறக்கும்போது தலைமாட்டில் சசிதரன், கால்மாட்டில் மீரான். லயத்து முன்னால் கூடாரம் போட்டார்கள். பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் பாதியில் திரும்பினார்கள். மறுநாள் பிற்பகல் சசிதரன் கொள்ளி வைத்தான்.

குளித்துவிட்டு வந்ததும் மணியம்மா விளக்கைக் கையில் எடுத்தாள். லயத்து வீட்டின் நடுவில் வைக்கட்டும் என்று சசிதரன் பலகையைக் கழுவிப் போட்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மூச்சு எங்க நின்னுச்சோ அங்கதான் விளக்கு," என்றாள். "பதினாறு நாளு அணையக் கூடாது. அந்த வீட்டப் பூட்டக் கூடாது. பெத்த புள்ள அங்கதான் படுக்கணும்."

"அங்கயா? அது பாய் கடை மாடி அத்த."

"அதுக்கு நான் என்ன செய்ய? உங்கப்பன் அங்கதான போய்க் கண்ண மூடுனான்."

மூலையில் நின்றிருந்த யோகேஸ்வரிக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மாமியார் போனபோது பதினாறு நாளும் எண்ணெய் ஊற்றிக் காவல் இருந்தவர் சின்னையா. எந்த விளக்கு எங்கே எரியும், எந்த வீடு பூட்டாமல் கிடக்கும், யார் எங்கே படுக்கவேண்டி வரும் என்று அவருக்கா தெரியாது? உயிரோடு இருந்து நகர்த்த முடியாத மகனை, செத்து நகர்த்திவிட்டார். சாவு வீட்டில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். அதுவும் உண்மைதான், கண்ணில் நீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சசிதரன் மீரானிடம் தயங்கித் தயங்கிப் போய் நின்றான். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"அண்ணன் என் வீட்டுல மௌத்தாயிருக்காரு. நீ வந்து விளக்க வைய்யிலா."

அன்று சாயங்காலமே மூவரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். சின்னையா படுத்திருந்த இடத்தில் விளக்கு, சொம்பில் தண்ணீர், சுவரில் படம். முதல் இரண்டு நாள் சசிதரன் உர்ரென்று இருந்தான். மூன்றாம் நாள் குறட்டை விட்டான். தூக்கம் வராதவன் விட்ட குறட்டை அது. ஏழாம் நாள் வேலை முடிந்து வரும்போது லயத்திலிருந்து சோற்றுப் பானையையும் தன் கடிகாரத்தையும் எடுத்துவந்து அலமாரியில் வைத்தான். யோகேஸ்வரி அந்தப் பானையிலேயே உலை வைத்தாள்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் அதிகாரி வந்தார். கைருல் என்று பெயர் சொன்னார், இளவயதுக்காரர், கையில் எழுதி நிரப்பும் பாரங்கள். வாசலில் செருப்புகளைப் பார்த்ததும் தன் சப்பாத்தையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். சசிதரன் மனைவியைப் பார்த்தான்.

இரண்டு வருஷம் என்று சொல்லியிருக்கலாம். மீரான் கீழே அதற்கும் தயாராகத்தான் இருந்தார். யோகேஸ்வரி நிமிர்ந்து நின்று உள்ளதைச் சொன்னாள். பதிந்தபோது இங்கே யாரும் இல்லை. பிறகு மூன்று வாரம் என் மாமனாரும் பிள்ளையும் இருந்தார்கள். இப்போது எட்டு நாளாக நாங்கள் இருக்கிறோம், இனியும் இங்கேதான் இருப்போம். பதிந்தபோது சொன்னது பொய், அதற்கு நான்தான் பொறுப்பு, பிள்ளை இல்லை. அவளுக்குத் தெரிந்த மலாயில் அவ்வளவையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

கைருல் உடனே எழுதவில்லை. கொடியில் கிடந்த சீருடை, அலமாரியில் இருந்த பானை, கடிகாரம் என்று கண்ணை ஓட்டினார். திரும்பி வாசலில் இருந்த ஜோடிகளை எண்ணினார். சசிதரனுடையது, அவளுடையது, லோஷினியின் சின்னச் செருப்பு, தேயிலைச் சேறு காய்ந்த ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். குடியிருப்பவர் எத்தனை பேர் என்ற கட்டத்தில் எழுதப் போனார்.

பூட்ஸ் மாமனாருடையது, அவர் இப்போது இல்லை, நாங்கள் மூன்று பேர்தான் என்று யோகேஸ்வரி குறுக்கிட்டாள்.

அவர் படத்தையும் விளக்கையும் பார்த்தார். இது எத்தனை நாள் எரியும் என்று கேட்டார். பதினாறு என்றாள். இன்றைக்கு எத்தனாவது நாள்? ஒன்பது.

"அப்படியானால் அவருக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது," என்று மலாயில் சொல்லிவிட்டு, கட்டத்தில் நான்கு என்று எழுதினார்.

பள்ளி விட்டு அப்போதுதான் படியேறி வந்த லோஷினி பையைக் கழற்றாமலே போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். கைருல் வெளியே வந்து சப்பாத்தை மாட்டும்போது கால் பட்டு ஒரு பூட்ஸ் சாய்ந்தது. அவர் குனிந்து அதை நிமிர்த்தி, அதன் ஜோடியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.