உருமிக்குத் தைத்த மெத்தை

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் பலவேசம். முன் சீட்டில் அவருக்கு இடப்பக்கம் மைத்துனன் தங்கபாண்டி. பின் சீட்டில் இடது ஜன்னலோரம் பலவேசத்தின் மனைவி சண்முகத்தாய். வலது ஜன்னலோரம் பக்கத்து வீட்டு அன்னத்தாய். இருவருக்கும் நடுவில் வெற்றிலைப் பெட்டி. 1973, வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அல்லிநகரத்தில் கிளம்பி வீரபாண்டி வரைக்கும் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. பின் சீட்டுப் பெண்கள் இருவரும் வீட்டில் பேசுகிற குரலில் பேசிக்கொண்டே வர வேண்டும். அதை முன் சீட்டிலிருந்து தங்கபாண்டி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டான் என்றால் கார் பிழைத்தது. இல்லையென்றால் கார் மதுரைக்குப் போய்விடும்.

பலவேசத்துக்குத் தேனியில் இலவம்பஞ்சுக் கடை. மெத்தை, தலையணை, திண்டு எல்லாம் அங்கேயே தைத்துக் கொடுப்பார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால், போடியில் ஏலத்தோட்டக்காரர் ஒருவரிடம் இந்தக் கறுப்புக் காரை வாங்கினார். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கிளம்பிவிட்டால் அடித்தொண்டையில் ‘ஊம்ம்ம்’ என்று ஒரு முழக்கம். கப்பி பெயர்ந்த ரோட்டில் இறங்கினால் தகரமெல்லாம் சேர்ந்துகொண்டு கூடவே தாளம் போடும். ஊரில் அதற்கு உருமி என்று பேர் வைத்துவிட்டார்கள். “உருமி வருது, ஒதுங்குங்கப்பா” என்று கடைவீதியில் சிரிப்பார்கள்.

சண்முகத்தாய் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். “பஸ்ஸுன்னா பத்துப் பொம்பளைகளோட பேசிக்கிட்டே போவேன். உங்க உருமிக்குள்ள உக்காந்தா கட்டுன புருஷன்கிட்டகூட ஒரு வார்த்தை பேச வழியில்ல. கத்திக் கத்தித் தொண்டை கட்டுனதுதான் மிச்சம்” என்றாள். அன்றிலிருந்து விசேஷ வீடுகளுக்கு அவள் பஸ்ஸில் முன்னால் போவாள். பலவேசம் காலிக் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் போவார்.

“என்னண்ணே, மதினி போற பஸ்ஸுக்குக் காவலா போறீகளா?” என்று டீக்கடை ராக்கப்பன் ஒரு நாள் கேட்டான். கடையே குலுங்கியது. பலவேசத்துக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டைப் பையில் மதுரையிலிருந்து ராக்கையா என்ற மிளகாய் வியாபாரி எழுதிய கடிதம் இருந்தது. ‘தங்கள் காரைக் கொடுப்பதாயிருந்தால் இம்மாதக் கடைசிக்குள் பதில் எழுதவும்’ என்று கேட்டிருந்தார். அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

“கேட்டுக்கங்கடா. எந்தங்கச்சி மகளுக்கு இந்த மாசம் காதுகுத்து. தாய்மாமன் நான். அன்னைக்கு எம்பொண்டாட்டி இந்தக் காருல வந்து இறங்கல, மறுநாளே காரை மதுரைக்காரருக்குக் குடுத்துருவேன்!”

பேச்சு பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. சண்முகத்தாய் அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் உள்ளே போய்விட்டாள். அதுதான் பலவேசத்தை அதிகமாகப் பயமுறுத்தியது. தாய்மாமன் காரிலும் மாமன் பெண்டாட்டி பஸ்ஸிலுமாகச் சீர் கொண்டுபோனால் தங்கச்சி பாண்டியம்மாள் காமயகவுண்டன்பட்டியில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? அதோடு, காரைக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

மறுநாளே பழனிசெட்டிபட்டியில் பேச்சிமுத்துவின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார். தங்கபாண்டி ஓட்ட, இவர் பின்பக்கம் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தார். பிறகு கதவில் வைத்தார். பிறகு டிக்கியை ஒட்டி வைத்தார்.

“சத்தம் எங்கன இருந்து மாப்ள வருது?”

“எங்கன இருந்து வரலைன்னு கேளுங்க மச்சான், சட்டுனு சொல்லிருவேன்!”

ஆனாலும் பலவேசம் கண்டுபிடித்துவிட்டார். ரோட்டுச் சத்தம் தரைத் தகட்டில் ஏறுகிறது. கதவு இடுக்கில் காற்று ஊளையிடுகிறது. கதவுக்குள் இருக்கிற வெற்றிடம் இரண்டையும் வாங்கி, பானைக்குள் பேசினமாதிரி பெருக்கித் தருகிறது. தரை விரிப்பைக் கிழித்தெடுத்துத் தாரைக் காய்ச்சிப் பூசி, அதன்மேல் சாக்கை ஒட்டினார். கதவு விளிம்பில் சைக்கிள் டியூப்பை நறுக்கி ஒட்டினார். இன்ஜின் பக்கத்துச் சுவரில் வயர் நுழைகிற ஓட்டைகளை ரப்பரும் மக்குப் பசையும் வைத்து அடைத்தார். தட்டினால் முன்பு ‘டங்’ என்ற தரை இப்போது ‘டொப்’ என்றது. பலவேசத்துக்குத் தலைகால் புரியவில்லை. ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டு, “ஐயா, ஒரு தட்டுத் தட்டிட்டுப் போங்க” என்றார். தட்டியவர்கள் சிரித்தார்கள். தங்கபாண்டியின் செருப்பு ஒன்று தாரில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கடையில் மூட்டை மூட்டையாக இலவம்பஞ்சு கிடக்கும்போது கதவின் வயிறு காலியாக இருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாலு கதவுக்குள்ளும் கூரைத் துணிக்கு மேலேயும் கை வலிக்கப் பஞ்சைத் திணித்தார்.

“அண்ணாச்சி, இது காரா, தலகாணியா?” என்றான் பேச்சிமுத்து.

“ரெண்டுந்தாண்டா!”

அப்படித் தயாரான காரில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கிளம்பினார்கள். சத்தம் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் வருவதாகச் சொல்லித்தான் சண்முகத்தாய் ஏறியிருந்தாள். என்ன சொல்ல, முதல் பாதி அமர்க்களம்! உருமி முணுமுணுப்பாகிவிட்டது.

“கத்திரிக்காயா அது? பூராம் புழு” என்றாள் பின்னால் அன்னத்தாய்.

“கத்திரிக்கா, பூராம் புழு!” என்றான் தங்கபாண்டி.

“உன் தம்பிக்கு மீசை ஒரு பக்கம் எறங்கியிருக்கு சம்முகம்.”

“மீசையைப் பத்தி யாரும் பேசக் கூடாது!”

பலவேசம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். பழனிசெட்டிபட்டி தாண்டியது. வீரபாண்டி ஆற்றுப் பக்கம் திரும்பும்போது, வாய் நிறைய வெற்றிலைச் சாறோடு இருந்த சண்முகத்தாய் துப்புவதற்காகக் கண்ணாடியை இறக்கினாள்.

கண்ணாடி கீழே இறங்க, கதவுக்குள் திணித்திருந்த பஞ்சு மேலே ஏறியது. இடுக்கு வழியாகப் பிதுங்கிக்கொண்டு வந்ததை, மேற்கே மலையிலிருந்து வீசிய காற்று வாரி உள்ளே இறைத்தது. மூச்சு முட்டிய பலவேசம் தம் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினார். அந்தக் கதவும் கக்கியது. காற்று உள்ளே புகுந்து கூரைத் துணியை உப்ப வைத்தது. தையல் ‘சர்ர்ர்’ என்று பிரிந்து மிச்சப் பஞ்சும் நாலு தலையிலும் கொட்டியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்தார்.

வெளியே இறங்கி நின்றபோது யார் யாரென்று தெரியவில்லை. அன்னத்தாய் தும்மிக்கொண்டே இருந்தாள். தங்கபாண்டியின் மீசை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெள்ளையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் ஒன்று வந்து வேகம் குறைந்தது. “வெள்ளாவி வச்சாச்சா மாமா?” என்று ஜன்னலிலிருந்து ஒருவன் கத்திவிட்டுப் போனான்.

பலவேசம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். “முடிஞ்சுது. மதுரைக்கு எழுதிப் போட்டுர்றேன்.”

சண்முகத்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவர் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து ஊதிவிட்டாள்.

“ஏங்க, உங்க கடைக்கு மெத்தை கேட்டு வர்ற ஆளுகிட்ட, பஞ்சை அள்ளிக் கட்டில்ல கொட்டிட்டு, ‘படுத்துக்கிருங்க’ன்னா சொல்லுவீக?”

பலவேசம் மடியில் கிடந்த பஞ்சைப் பார்த்தார்.

“உறை தைக்க வேணாமா? ஊடால தையல் ஓட்ட வேணாமா? இத்தனை வருசமா மெத்தை விக்கிற மனுசனுக்கு நான் சொல்லணுமா?”

பலவேசம் எழுந்து நின்றார். “ஏத்தா!” என்று அவர் போட்ட சத்தத்தில் அன்னத்தாயின் தும்மல்கூட நின்றுவிட்டது. “மாப்ள, வண்டியில ஏறு! திருப்பிக் கடைக்குப் போவோம்!”

“இருங்க, இன்னொண்ணும் கேட்டுக்கங்க” என்றாள் சண்முகத்தாய், சிரிப்பை விழுங்கிக்கொண்டு. “துப்புறதுக்கு முன்னாடி வரைக்கும் அன்னம் பேசுனது எனக்கு அச்சரம் அச்சரமாக் கேட்டுச்சு.”

அதற்குப் பிறகு மெத்தைக் கடையில் நடந்தது மெத்தை வியாபாரமே இல்லை. கதவின் உட்புற அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்து தரையில் பரப்பினார்கள். சண்முகத்தாய் செய்தித்தாளை வைத்து அளவு வெட்டினாள். நீலக் கோடு போட்ட மெத்தைத் துணியில் விரற்கடை கனத்துக்குப் பஞ்சைப் பரப்பி, கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டினார்கள். கண்ணாடி ஏறி இறங்குகிற வழியை விட்டுவிட்டு, அட்டையின் முதுகில் அதை வைத்துத் தைத்தார்கள். கூரைக்கு ஒன்று, பின் சீட்டு முதுகுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று. மெத்தை வாங்க வந்தவர்களை, “காதுகுத்து முடியட்டும், வாங்க” என்று திருப்பி அனுப்பினார் பலவேசம். இடது பின் கதவின் அட்டையில் மட்டும் சண்முகத்தாய், உட்காருகிறவர் கைக்கு எட்டுகிற பக்கமாக ஒரு பை வைத்துத் தைத்தாள்.

“இது எதுக்கு?”

“வெத்தலைப் பெட்டிக்கு.”

பலவேசம் அந்தப் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்படியானால் வருகிறாளா என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் எங்கே இல்லையென்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து ஊசியில் நூலைக் கோத்தார்.

காதுகுத்து நாள் விடியற்காலை. டிக்கியில் சீர்த் தாம்பாளங்கள், பழத்தார், புதுத்துணி. ராக்கப்பன் டீக்கடையைச் சீக்கிரமே திறந்து, வேடிக்கை பார்க்க நாலைந்து பேரைச் சேர்த்து வைத்திருந்தான். பட்டுச்சேலையில் வெளியே வந்த சண்முகத்தாய் காரைத் தாண்டி நேரே பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்தாள். பலவேசம் பாதி திறந்த கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அங்கே அதே காதுகுத்துக்குப் போக அன்னத்தாய் பையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

“ஏ அன்னம், இங்கன எதுக்கு நிக்கிற? காருல எடம் கெடக்கு, வா” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். டீக்கடைக்கு எதிரே நின்று, “ராக்கப்பா, இன்னைக்கு உங்கண்ணனே எனக்குக் காவல்” என்று சொல்லிவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினாள். கதவு ‘டொப்’ என்றது.

கார் ரோட்டில் ஏறியது. உள்ளே அப்படி ஓர் அமைதி. எல்லோருக்கும் கத்திப் பேசியே பழக்கம்; யாருக்கும் பேச்சைத் தொடங்கத் தெரியவில்லை. கடைசியில் பலவேசந்தான், “எப்படி இருக்கு?” என்று பழைய குரலில் ஒரு கத்துக் கத்தினார். மூன்று பேரும் துள்ளி விழுந்தார்கள்.

“எதுக்குக் கத்துறீக? இங்கனதான இருக்கேன்?” என்றாள் சண்முகத்தாய்.

சிரிப்பு அடங்கியதும் இதுவரை கேட்காத சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டது. டிக்கியில் தாம்பாளம் ஒன்று கிணுகிணுத்தது. தங்கபாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் அதில் துண்டைச் சுற்றிவிட்டு வந்தான். சின்னமனூர் வயல்காட்டில் யாரோ மாட்டை அதட்டுவதுகூடக் கேட்டது. பின் சீட்டில் பேச்சு ஊறத் தொடங்கியது. காய்கறி, கல்யாணம், அன்னத்தாயின் மருமகள், மருமகளின் அம்மா. பலவேசம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு வருஷமாகப் பஸ்ஸில் போன பேச்செல்லாம் இப்போது தம் காரில் வருகிறது என்று நினைத்தபோது அவருக்குச் சீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

உத்தமபாளையம் தாண்டியதும் சண்முகத்தாயின் குரல் இன்னும் தணிந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அன்னத்தாயிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“ஊரு முன்னால என்னையக் கேக்காம சவால் விட்டுட்டாக அன்னம். நான் வந்தா காரு, வராட்டி இல்லைன்னு. காரு போனா எம்மேலதான பழி? அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கல.”

தங்கபாண்டி மெல்ல மச்சானைத் திரும்பிப் பார்த்தான். பலவேசம் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“தப்புத்தான். கேட்டிருக்கணும்” என்றார். அவரும் குரலை உயர்த்தவில்லை.

பின்னால் வெற்றிலைப் பெட்டி திறக்கிற சத்தம்.

“கேட்டுருச்சா?” என்றாள் சண்முகத்தாய்.

“கேட்டுருச்சு.”

“அக்கா, அச்சரம் அச்சரமா!” என்று தங்கபாண்டி கூவினான். அன்னத்தாய் கை தட்டினாள்.

காமயகவுண்டன்பட்டியில் பாண்டியம்மாள் ஆரத்தியோடு வாசலில் காத்திருந்தாள். கார் நின்ற பிறகும் அவள் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னண்ணே, வந்ததே தெரியல?” என்று அவள் கேட்டபோது பலவேசத்துக்கு எங்கோ ஆகாயத்தில் பறப்பதுபோல் இருந்தது. அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தாம்பாளத்தை இறக்கினார்கள். மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை போட்ட கூப்பாட்டை எந்த மெத்தையாலும் அடக்கியிருக்க முடியாது.

பந்தி முடிந்ததும் பலவேசம் தங்கச்சி வீட்டில் ஒரு தாளும் தபால் உறையும் கேட்டு வாங்கி எழுதினார்.

‘மகா ராஜ ராஜ ஸ்ரீ ராக்கையா அவர்களுக்கு, பலவேசம் வணக்கம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி காரை விற்கும் உத்தேசம் இல்லை. என் சம்சாரத்தைக் கலந்து இம்முடிவு எடுத்திருக்கிறேன்.’

சண்முகத்தாயிடம் படித்துக் காட்டினார். அவள் யோசித்தாள்.

“‘மெத்தை ஏதும் வேணும்னா எழுதவும்’னு கீழ ஒரு வரி போடுங்க.”

“உறை போட்டா, போடாமலா?”

“அதை மதுரைக்காரரு வேற தெரிஞ்சுக்கிரணுமாக்கும்!” என்று சிரித்துக்கொண்டே, ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தபால் உறையை ஒட்டினாள். தபால் பெட்டி தெருமுனையில்தான் இருந்தது. நடந்தே போய்விடலாம். அவள் கார்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் பலவேசம் வண்டியை நிறுத்தினார். சண்முகத்தாய் கண்ணாடியை இறக்கினாள்; பஞ்சு ஒரு பிசிறுகூட வரவில்லை. கையை நீட்டிக் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டாள்.