பொய்க்கு நீளும் நடை

பாளையங்கோட்டையில் ஆவுடைச்செல்வி குடியிருந்த வாடகை வீட்டில், ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள நடை பொய் சொன்னால் நீளும். எல்லாப் பொய்க்கும் நீளாது. பால்காரரிடம் சில்லறை இல்லை என்றால் கண்டுகொள்ளாது. வீட்டை விட்டுப் போன அப்பாவைப் பற்றிய பொய்க்கு மட்டும்தான் நீளும். அந்தத் தெருவில் பல வீடுகள் அப்படித்தான். அதனால் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

செல்வியின் புருஷன் மாரிராஜ் ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனான். கோயம்புத்தூரில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். அதைப் போனில் ஒளிக்காமல் சொன்னான். இனி வரமாட்டேன் என்றும் சொன்னான். சரி என்று போனை வைத்துவிட்டு செல்வி இட்லி ஊற்றினாள். அவள் அப்படிப்பட்ட ஆள். எதையும் சமாளித்துவிடுவாள். சும்மா புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மகள் முகிலாவுக்கு ஆறு வயது. அப்பா எங்கே என்று கேட்டாள். வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்கள் என்றாள் செல்வி. சொல்லி வாய் மூடவில்லை, நடை ஒரு பாய் நீளத்துக்கு நீண்டது. புதிதாக வந்த தரைக்கல்லும் பழைய கல்லைப் போலவே அழுக்காக இருந்தது. செல்வி அதையும் சேர்த்துத் துடைத்தாள்.

துடைத்த கையோடு வீட்டுக்காரர் சாலமோன் சாரைக் கூப்பிட்டு, இது என்ன கண்றாவி என்று கேட்டாள். அவர் வந்து செருப்பைக் கழற்றி, காலால் அளந்து பார்த்தார்.

"பிள்ளை இருக்கா?"

"இருக்கு."

"அப்பா?"

"இல்ல."

"அப்போ வீடு சரியாத்தான் இருக்கு," என்றார்.

மாடியில் குடியிருப்பவர்கள் தங்கள் நடையில் தென்னை வைத்தார்களாம், அது காய்த்தே விட்டதாம். செல்விக்கும் ரெண்டு காய் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறதே. அப்பா இல்லாத பிள்ளையைக் கண்டால் யாரும் சும்மா தாண்டிப் போகமாட்டார்கள். கையில் மிட்டாய் கொடுக்கிற மாதிரி ஒரு நல்ல வார்த்தை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். மாரிராஜின் அக்கா இந்திரா வந்தாள். தம்பி செய்த காரியத்துக்கு அவளுக்கே முகம் காட்டக் கூசியது. அந்தக் கூச்சத்தில் பிள்ளையை மடியில் வைத்து, உங்க அப்பா கப்பலில் இருக்கான், வரும்போது பொம்மை கொண்டு வருவான் என்று சொல்லிவிட்டாள். கப்பல் பெரிய பொய். நடையில் ஒரு வேப்பமரமும் அதன் கீழே ஒரு டீக்கடையும் முளைத்தன. அடுத்த வீட்டு எஸ்தர் அக்கா கிறிஸ்துமஸுக்கு வருவார் என்றாள். பூக்காரம்மா வாசலில் நின்றபடியே தீபாவளிக்கு வருவார் என்றாள். வாசலில் சொன்னால் என்ன, அதற்கும் நீண்டது. யாரைக் குறை சொல்ல? எல்லாரும் பாசத்தில் சொன்னதுதான்.

ஆவணியில் நடையில் மினிபஸ் விட்டார்கள்.

முதல் நாள் செல்வி கண்டக்டரிடம் அடுப்படி போகுமா என்று கேட்டாள்.

"போகும். நிக்காது."

"அப்போ எப்படி இறங்க?"

"இதுவரைக்கும் யாரும் இறங்கணும்னு கேட்டதில்ல," என்றார் கண்டக்டர். ஆனாலும் நல்ல மனுஷன். அவளுக்காக விசில் அடித்து நிறுத்தினார்.

செல்வி இதையும் சமாளித்தாள். இட்லி ஹாலுக்கு வருவதற்குள் ஆறிப்போகிறது என்று ஹாட்பாக்ஸ் வாங்கினாள். டீக்கடைக்காரரிடம் சொல்லி வைத்து, அவசரத்துக்கு அங்கேயே சட்னி அரைத்துக்கொண்டாள். நடை நீண்டால் நீளட்டும், பிள்ளை அழாமல் இருந்தால் போதும் என்பது அவள் கணக்கு. முகிலா கேட்கும்போதெல்லாம் தைரியமாக ஒன்று சொன்னாள். மெட்ராஸ் என்றாள், டிரெயினிங் என்றாள், லீவு கிடைக்கவில்லை என்றாள். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குன்று வந்தது. மழைக்காலத்தில் பச்சையாக இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கப் பிடித்தும் போனது. கெட்டிக்காரிதான், ஆனாலும் இந்த விஷயத்தில் சுத்தமாக ஏமாந்துவிட்டாள்.

பிறகு முகிலா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மினிபஸ்ஸை விட்டு இறங்கி, தோசைத் தட்டோடு ஹால் பக்கம் வந்தாள் செல்வி. முகிலா ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாகக் கேட்கவில்லையே என்று செல்வியாகவே வாயைக் கொடுத்தாள்.

"உனக்கு அப்பாவத் தேடுதாட்டி?"

"தேடலம்மா," என்றாள் முகிலா. "எனக்கு அப்பா ஞாபகமே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது செல்வியின் சிரிப்பு. தெருக்காரர்கள் விசாரிக்கும்போது அவள் சிரிக்கிற அதே சிரிப்பு.

நடை அதுவரை அப்படி நீண்டதில்லை. ஸ்டூல் பிள்ளையோடு பின்னால் போனது. வேப்பமரத்தைத் தாண்டியது, குன்றைத் தாண்டியது, பேர் தெரியாத ஒரு ஆற்றையும் தாண்டியது. முகிலா கடைசியில் ஒரு கடுகளவு தெரிந்தாள். அப்போதும் காலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். கண்டக்டர் இறங்கி வந்து பஸ்ஸின் போர்டைக் கழற்றினார்.

"இதுக்கு மேல ரூட்டு கிடையாதும்மா."

செல்வி கலங்கிப்போனாள். புருஷன் போனபோது கலங்காதவள். பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து சொன்ன பொய் மினிபஸ் தூரம்தான். அம்மாவுக்காகப் பிள்ளை சொன்ன ஒரே ஒரு பொய் அவ்வளவு தூரம். இன்னொன்று சொன்னால் பிள்ளை கண்ணுக்கே தெரியமாட்டாள். அது செல்விக்கு நன்றாகவே புரிந்தது.

தட்டைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். நடந்து பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் நின்று கத்தினாள். அப்பா வேலைக்குப் போகவில்லை என்று கத்தினாள். காலடியில் கல் வழுக்கியது. ஆறு அவளைத் தாண்டிப் பின்னால் போனது. கப்பலும் இல்லை, டிரெயினிங்கும் இல்லை என்றாள். குன்று நகர்ந்தது. அத்தை சொன்னது, எஸ்தர் அக்கா சொன்னது, பூக்காரம்மா சொன்னது எல்லாம் பொய், அம்மா சொன்னதுதான் அதில் பெரிய பொய் என்றாள். டீக்கடைக்காரர் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்தபடி அவளைக் கடந்து போனார். போகிற போக்கில் வணக்கம் வைத்தார்.

வேப்பமரம் மட்டும் நகரவில்லை. அதற்கு அந்தப் பக்கம் முகிலா நின்றுகொண்டிருந்தாள். ஸ்டூலைக் காணோம். முகம் தெரிந்தது. கை எட்டவில்லை.

செல்வி குரலை இறக்கினாள். கத்திச் சொல்லுகிற விஷயம் இல்லை அது.

"அப்பா கோயம்புத்தூர்ல இருக்காவ. நல்லாத்தான் இருக்காவ. அங்க வேற வீடு, வேற ஆளு. இனிமே நம்ம கூட இருக்க வரமாட்டாவ."

வேப்பமரம் மெதுவாக விலகியது. அது இருந்த இடத்தில் தரைக்கல்தான் இருந்தது. நடை பழைய அளவுக்கு வந்து நின்றது. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அந்தச் சத்தத்தை ஹாலிலிருந்து கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

முகிலா அழவில்லை. ரொம்ப நாளாக வாய்க்குள் வைத்திருந்த ஒன்றைத் துப்பினாள்.

"நான் அவிய வெள்ளைச் சட்டையில ஸ்கெட்ச் பேனாவால மீன் வரைஞ்சேன்லா. அதான் போயிட்டாவளா?"

செல்விக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. மாரிராஜ் அன்று கத்தியதும் ஞாபகம் வந்தது. பாவம், பிள்ளை இதைத்தான் இத்தனை நாளும் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

"இல்ல. அதுக்காகப் போகல. நீ செஞ்ச எதுக்காகவும் போகல."

முகிலா அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். செல்வியும் பார்த்தாள். தரை அசையவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு."

செல்வி சொன்னாள். முகிலா குனிந்து, கல்லோடு கல் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்பா போனதுக்கு உனக்கு அழுகை வருதாம்மா?"

"எனக்கென்னட்டி அழுகை? அதெல்லாம் வரல," என்றாள் செல்வி.

ரெண்டு பேருக்கும் நடுவே ஒரு கல் நீண்டது.

முகிலா அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு அதைத் தாண்டி வந்து, அம்மாவின் கண்ணைத் துடைத்தாள்.