ஜின் பாட்டிலில் ஏனோக்

கத்தி காதோரம் வந்தபோது கெசியாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த ஈரப் பாட்டில் அது. இடுப்புக்கு மேலே மட்டும் ஒரு பெரிய மனிதரின் உருவம், கையில் சுருட்டிய சட்டத் தாள், உச்சந்தலையில் தக்கை அடைக்க ஒரு துளை. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் வரப்பு மாதிரி துருத்தி நிற்கும் களிமண்ணைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்குவது அவள் வேலை. அந்த வரப்பு காதோரம்தான் ஓடும். அதனால் காலையிலிருந்து எல்லாப் பாட்டிலையும் பக்கவாட்டில் பிடித்தே சீவியிருந்தாள். இதை மட்டும் ஏதோ நினைப்பில் தன் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஏனோக் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் காய்ச்சலில் போன அவளுடைய முதல் கணவன். இடது கண்ணிமை கொஞ்சம் தொங்கி, மேலுதடு ஒரு பக்கமாக இழுத்து, இதோ ஏதோ கேலி பேசப் போகிறேன் என்கிற அதே முகம்.

"என்னடி, மந்திரி கண்ணடிச்சிட்டாரா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்த டார்கஸ். எட்டிப் பார்த்தவள் கத்தியைக் கீழே போட்டாள். "அட ஆண்டவரே! இது நம்ம ஏனோக்! ஏய், எல்லாரும் ஓடியாங்க! செத்தப்புறம் ஏனோக் மந்திரியாயிட்டான்!"

பட்டறையே திரண்டு வந்துவிட்டது. ஆளாளுக்குப் பலகையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள்.

"அவனேதான்! ஜின் கடை வாசல்ல நின்னு குடிகாரனுங்களுக்குப் பிரசங்கம் பண்ணுவானே!"

"இப்ப அவன் தலை வழியாவே ஊத்திக் குடிக்கப் போறானுங்க பாரு!"

சிரிப்புச் சத்தம் கேட்டு மேல்மாடியிலிருந்து சைலஸ் இறங்கி வந்தான். அவன்தான் அந்த உருவத்தைச் செய்தவன். கெசியாவின் இப்போதைய கணவன். ஏனோக்கின் உயிர் நண்பன். யாரோ ஒரு பாட்டிலை அவன் கையில் திணித்தார்கள். நேருக்கு நேர் பார்த்தான். கட்டைவிரலால் அந்த முகத்தை மறைத்தான்.

அவனுக்குத் தெரியாமலேயே நடந்திருந்தது அது. வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிவிட்டது என்று செய்தி வந்ததும் செஸ்டர்ஃபீல்டின் சாராயக் கடைக்காரர்கள் எல்லாரும், அதைக் கொண்டுவந்த பிரதம மந்திரி கிரே பிரபுவின் உருவம் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வெற்றி ஊர்வலத்தன்று வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க, அவரவர் கடைப் பெயர் பதித்த பாட்டில். அவரைப் பார்த்தவர் பட்டறை இருந்த பிராம்ப்டனில் ஒருவரும் இல்லை. முதலாளி வாங்கிவந்த காகிதப் படத்திலும் அவர் பக்கவாட்டில் திரும்பி நின்றார். மூக்கும் வழுக்கை நெற்றியும் படத்தைப் பார்த்துச் செய்தாயிற்று. முன்பக்கம் எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதைச் சைலஸ் கையின் போக்கில் விட்டுவிட்டான். கை தனக்குத் தெரிந்த முகத்துக்குப் போய்விட்டது.

"அச்சுல மண்ணு அழுத்துறதை நிறுத்துங்க. அச்சை உடைச்சிடறேன்" என்றான்.

"உடைக்கறதா?" முதலாளி வீட்கிராஃப்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா, ஊர்வலம் அடுத்த வாரம். சூளைல வேகணும், ஆறணும். இந்த ஊர்ல எவன் கிரே பிரபுவை நேர்ல பார்த்தான்? இவர்தான் அவர்னு சொன்னா நம்பிட்டுக் குடிப்பான். சட்டம் வந்தாலும் ஓட்டுதான் நமக்குக் கிடையாது, பாட்டிலாவது கிடைக்கட்டும்."

"முகத்தை மட்டும் மாத்தித் தரேன். நாளைக்கே புது அச்சு வார்த்துடலாம்."

முதலாளி கெசியாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்ததைப் பார்த்து அவருக்கும் சங்கடமாகிவிட்டது. "சரி, நாளைக்கு. அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தரமாட்டேன்."

சைலஸ் அவள் பக்கம் திரும்பாமலேயே படியேறிப் போனான்.

கல்யாணமாகி மூன்று மாதம். ஏனோக் வாழ்ந்த அதே வீடுதான். ஆனால் அங்கே அவன் பெயரை இருவரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கணப்படுப்புப் பக்கம் கிடந்த அவன் நாற்காலியைச் சைலஸ் சுற்றிக்கொண்டு போவானே தவிர உட்காரமாட்டான். நல்லவன். விறகு பிளந்து தருவான், கஞ்சியில் உப்புக் கூடினாலும் பேசாமல் குடிப்பான். ராத்திரி அவள் கையைப் பிடிக்கும்போதுகூட, இரவல் வாங்கிய பொருளைப் பிடிப்பதுபோல் பயந்து பயந்து பிடிப்பான்.

கெசியா பலகையைப் பார்த்தாள். ஈர முகங்கள் வரிசையாக இருந்தன. நாளைக்கு இதெல்லாம் திரும்பவும் வெறும் களிமண். கையைக்கூடக் கழுவாமல், டீப் பாத்திரத்தையும் ரொட்டித் துணியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

சைலஸ் அச்சு எடுத்த மூல உருவத்தை ஜன்னலோரம் வைத்திருந்தான். சுரண்டும் கருவி கையில் இருந்தது. இமைக்கு மேலே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான்.

"கை வைக்காதீங்க" என்றாள்.

"மன்னிச்சிடு, கெசியா. சத்தியமா வேணும்னு செய்யல. நாளைக்குள்ள சரியாயிடும். நீ கீழ போ, இதை நீ பார்க்க வேண்டாம்."

"நான் பார்க்கணும்."

"உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை ஆனா தனியா கல்லறைக்குப் போற. நானும் வரேன்னு சொல்ல வாய் வரல. அவன் இடத்துல வந்து உட்கார்ந்தவன் நான். துக்கத்துக்கும் கூடவே வந்து நிக்கறதா?"

கெசியா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"துக்கத்துக்கு நான் அங்க போகல, சைலஸ்."

"பின்னே?"

"அந்த முகம் எனக்கு மறந்துபோச்சு."

அவன் கருவியைத் தாழ்த்தினான்.

"போன வருஷமே மறந்துபோச்சு. சட்டை ஞாபகம் இருக்கு, இருமல் ஞாபகம் இருக்கு, முகம் மட்டும் வரமாட்டேங்குது. நம்மள மாதிரி ஆளுங்க வீட்டுல படமா வெச்சிருக்கோம்? கல்லறைகிட்ட நின்னா வருமோன்னு போய்ப் பார்த்தேன். வரல. ஏழு வருஷம் வாழ்ந்தவன் முகத்தை மறந்தவ என்ன பொம்பளைன்னு நீங்க கேட்டா? அந்தப் பயத்துலதான் அவர் பேரையே எடுக்கல."

"நான் என்னடான்னா, பேரைச் சொல்லக்கூட முடியாத அளவுக்கு நீ அவனையே நினைச்சிட்டிருக்கன்னு..." சைலஸ் முடிக்கவில்லை.

அவள் முழங்கால் மடித்து ஜன்னலோரம் அமர்ந்தாள். மேலுதட்டு மூலையை விரல் நுனியால் தொட்டாள். தொட்டதும்தான் அழுகை வந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்துவிட்டது போலிருந்தது, வலி அதிகமில்லை.

"இந்தக் கண்ணிமை. எப்படி இதை மறந்தேன்! சபைல பிரசங்கம் நடுவுல தூங்கிட்டாரா முழிச்சிருக்காரான்னே கண்டுபிடிக்க முடியாது."

"தூங்கத்தான் செய்வான்" என்றான் சைலஸ். "ஒரு தடவை குறட்டை விட்டான். நான்தான் இருமி மறைச்சேன்."

"என்கிட்ட ஜெபம் பண்ணிட்டிருந்தேன்னு சொன்னாரே!"

"என்கிட்டயும் அதையேதான் சொன்னான்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சைலஸின் கண்ணும் நிறைந்துவிட்டது. அவனுக்கும் அழ ஓர் இடம் இல்லாமல்தான் இருந்திருக்கிறது என்பது கெசியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து வயதிலிருந்து ஏனோக்கோடு கூடவே வளர்ந்தவன்.

"உடைக்காதீங்க. இப்படியே போகட்டும்."

"ஜின் ஊத்துவாங்களே, கெசியா."

"ஊத்தட்டும். ஊர் பூரா ஒவ்வொரு கடையிலயும் உட்கார்ந்து பிரசங்கம் பண்ணுவார். அவர் ஆசைப்பட்டது அதுதானே?"

சைலஸ் சுரண்டும் கருவியைத் துடைத்துப் பெட்டியில் போட்டு மூடினான். கீழே போய் முதலாளியிடம் சொல்ல எழுந்தான். கெசியா அவன் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஜூன் மாத வெளிச்சம் நேராக விழும்படி ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"என்ன செய்யற? கையெல்லாம் களிமண்ணு."

"பேசாம இருங்க" என்றாள் கெசியா. "புருவத்துல ஒரு தழும்பு இருக்கே. இத்தனை நாளா நான் பார்க்கவேயில்லையே. இது எப்ப ஆச்சு?"

"மெருகுக்குச் சூளைல உப்பு வீசறப்ப தெறிச்சது. பதினாறு வயசுல."

"சொல்லுங்க" என்றாள், கையை எடுக்காமல். "முதல்லேர்ந்து சொல்லுங்க."