பாதுகாப்புத் தாழ்

"இப்ப அசையுது, பாருங்க" என்று சொல்லி, பூட்டுக்காரர் துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தார். போர் அருங்காட்சியகம் திறக்க இன்னும் நேரம் இருந்தது. கூடத்தில் பாதி விளக்குகள்தான் எரிந்தன. பீரங்கிக்கு அடியில் துடைப்பமும் வாளியும் கிடந்தன.

கடைத்தெருவில் பூட்டு, கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர். அவ்வப்போது வந்து கூடத்தில் இருக்கும் வாள்களுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, நின்றுபோன சுவர்க் கடிகாரத்தையும் ஓடவிட்டுப் போவார். இந்த முறை காப்பாளர் அவரிடம் துப்பாக்கியையும் ஒப்படைத்திருந்தார். அதன் பக்கவாட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு தாழ் உண்டு. பாதுகாப்புத் தாழ் என்று பெயர். அதைப் போட்டுவிட்டால் விசை இறுகிக்கொள்ளும். எடுத்துவிட்டால் விசை வேலை செய்யும். ஆற்றுச் சேற்றில் பல காலம் கிடந்ததில் அந்தத் தாழ் துருவேறி, போட்ட நிலையிலேயே ஒட்டிக்கொண்டது. குழலைத் திறக்கப் பின்னாலிருந்த இழுப்புப் பிடியும் அப்படித்தான். பார்க்க வருகிறவர்கள் எவ்வளவு அழுத்தியும் விசை அசையாததில் காப்பாளருக்குக் குறை. "டக்குன்னு ஒரு சத்தம் வந்தாத்தானே அவங்களுக்கு ஒரு இது" என்பார். பூட்டுக்காரர் வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு ஊறவைத்து, அன்று காலை தாழை மட்டும் பெயர்த்துவிட்டார்.

"பிடி இன்னும் வரல. அதுக்கு இன்னும் கொஞ்சம் ஊறணும். விசை எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க, தினம் தூக்குற கை" என்றார்.

உண்மையிலேயே தினம் தூக்குகிற கைதான். அவள் அங்கே வழிகாட்டி. மூச்சு விடாமல் பேசுவதால் கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். வாள்களையும் சீருடைகளையும் ஒப்புக்குக் காட்டிவிட்டு, கூட்டத்தை இந்தத் துப்பாக்கியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அவளுக்குக் குரலே திறக்கும்.

"இதைச் செஞ்சவர் தண்ணி பம்பு செய்யற இன்ஜினியர். பட்டாளத்துல முதல்ல வேண்டாம்னுட்டாங்க, கனமா இருக்குதுன்னு. அடுத்த சண்டையில மத்த துப்பாக்கி எல்லாம் மணல் ஏறி மல்லாந்துடுச்சு. இது மட்டும் நிக்கல. அதுக்கப்புறம் ஆளாளுக்கு இதுதான் வேணும்னு நின்னாங்க. ரெண்டு பக்கமும் இதையே வெச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் சுட்ட சண்டைகூட உண்டு. சிப்பாய்ங்க இதுக்கு என்ன பேரு வெச்சாங்க தெரியுமா? மாமியார்." இங்கே கொஞ்சம் நிறுத்துவாள். "சேத்துல போட்டாலும் வாய் அடைக்காதாம்."

சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். இந்தத் துப்பாக்கி ஓர் ஆற்றங்கரையில் ஒரு சிப்பாயின் எலும்புகளோடு கிடைத்தது, விரல் எலும்புகள் அதைப் பிடித்தபடியே இருந்தன என்பாள். "அவன் போயிட்டான். இது போகல" என்று முடிப்பாள். கூட்டத்தில் யாராவது ஒருவர் உச்சுக்கொட்டுவது வழக்கம். அதன் பிறகு விருப்பப்பட்டவர்கள் துப்பாக்கியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம். தோட்டாப்பெட்டி தனியாகக் கண்ணாடிக்குள் காலியாக இருந்தது. பெட்டியே இல்லாத துப்பாக்கிக்கு யார் பயப்படப் போகிறார்கள்?

அவள் வழக்கம்போலவே துப்பாக்கிக் கட்டையைத் தோளில் சாய்த்தாள். எதிரே போர்க்களம் தீட்டிய பலகைத் தடுப்பு இருந்தது. புகை மூட்டத்துக்குள் ஒரு குன்று, கீழே ஓடும் ஆட்கள். சொல்லிக் காட்டும்போது அந்தக் குன்றைத்தான் குறிவைப்பாள். விரலை வளைத்து இழுத்தாள்.

சுட்டது தான்தான் என்று அவளுக்கு உடனே உறைக்கவில்லை. மேலே விளக்கு வெடித்துவிட்டதென்றும், கண்ணாடிப் பெட்டி ஏதோ சரிந்துவிட்டதென்றும் நினைத்தாள். சினிமாவில் கேட்கிற சத்தம் போலவே அது இல்லை. யாரோ இரண்டு உள்ளங்கையாலும் காதில் அறைந்தது போல இருந்தது. தோள் மரத்துப்போயிற்று. காரமாக ஒரு புகை மூக்கில் ஏறியது. பூட்டுக்காரரின் வாய் அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. அவர் கைநீட்டிய திசையில் பார்த்தாள். குன்றின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, முன்பு இல்லாத ஒரு துளை. அதன் வழியாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

அந்தப் பலகைக்கு மறுபக்கம் டிக்கெட் கவுண்டர்.

டிக்கெட் கொடுக்கிற அண்ணன் சற்றுமுன்தான் அவளிடம் நலம் விசாரித்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் பூட்டுக்காரருக்கும் அது தெரியும். அவள் துப்பாக்கியைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போலத் தரையில் வைத்தாள். "அண்ணா" என்று கூப்பிட்டாள். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. பதில் வந்ததா என்றும் தெரியவில்லை. பலகையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஓட வேண்டிய தூரம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் போய்ச் சேரவே கூடாது என்று அவள் உடம்பு பின்னுக்கு இழுத்தது.

அவர் மேசைக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் மேசை விசிறியின் பிளக். நாற்காலி மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன் முதுகுச் சாய்மானத்தில், ஒரு மனிதனின் நெஞ்சு இருக்க வேண்டிய உயரத்தில், உறை கிழிந்து பஞ்சு பிதுங்கியிருந்தது. பஞ்சின் இழைகள் இன்னும் காற்றில் இறங்கிக்கொண்டிருந்தன.

"கரண்ட் வெடிச்சிடுச்சாம்மா?" என்றார் அவர். காதுக்குள் இருந்த இரைச்சலைத் தாண்டி அது மட்டும் கேட்டது. "இதைச் சொருகலாம்னு குனிஞ்சேன்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். பிறகு பிளக்கைப் பார்த்தார். அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அன்று மதியத்துக்குள் போலீஸ் வந்தது. பிறகு ராணுவத்திலிருந்து ஆயுதம் தெரிந்த ஒரு பெண் அதிகாரி வந்தார். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, எல்லோர் முன்னாலும் துப்பாக்கியைப் பிரித்தார். குழலின் பின்பக்கத்திலிருந்து வெடித்த தோட்டாவின் வெற்று உறையை இடுக்கியால் எடுத்து வைத்தார். பச்சை பூத்த ஒரு பித்தளைத் துண்டு.

"பெட்டியே இல்லையே மேடம்" என்றார் காப்பாளர். அதற்குள் இதை அவர் பலபேரிடம் சொல்லியிருந்தார்.

"பெட்டியில இல்லேன்னா துப்பாக்கியில இல்லேன்னு ஆயிடாது சார். ஒண்ணு உள்ள ஏறி உக்காந்திருக்கு. பிடி துருப்பிடிச்சதால யாரும் திறந்து பாக்க முடியல. தாழ் துருப்பிடிச்சதால வெடிக்கல. கிடைச்ச நாள்லேர்ந்து சுடத் தயாராத்தான் இருந்திருக்கு."

பூட்டுக்காரர் சுவரோடு சாய்ந்து, எண்ணெய்க் கறை படிந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூட்டுன்னா உள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கறதில்ல" என்றார், யாரும் கேட்காமலே. "திறக்கணும்னு சொல்லுவாங்க, திறந்து குடுப்பேன்."

அதிகாரி அந்தச் சின்னத் தாழைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். தொழில் ஆர்வத்தில் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"இதைப் பிடிச்சிருந்தவன் குண்டை ஏத்தியிருக்கான். எல்லாம் தயார். அதுக்கப்புறம் தாழைப் போட்டிருக்கான்."

"ஏன்?" என்றாள் அவள். அண்ணனைக் கூப்பிட்ட பிறகு அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"பயந்திருப்பான்" என்றார் காப்பாளர்.

"பயந்தவன் தாழை எடுப்பான் சார், போட மாட்டான்." அதிகாரி உறையைக் காகிதத்தில் மடித்தார். "எதிர்ல ஆள் இல்லாம இருந்திருக்கலாம். இருந்தும் வேண்டாம்னு நினைச்சிருக்கலாம். அதெல்லாம் இரும்புல தெரியாது."

அந்தச் சிப்பாயைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். அவன் போயிட்டான், இது போகல. அந்த வரிக்காகவே கைதட்டியவர்கள் உண்டு. இந்தத் துப்பாக்கி சிக்கியதே இல்லை, கைவிட்டதே இல்லை என்பதுதான் அதன் பேரும் புகழும். அதைக் கையில் வைத்திருந்தும் ஒருவன் ஏன் செத்துக் கிடந்தான் என்று யாரும் கேட்டதில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அவன் கடைசியாகச் செய்த காரியம் ஒரு தாழைப் போட்டது. அவன் போட்டதைத்தான் இவர்கள் எண்ணெய் விட்டு எடுத்திருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்குப் போனபோது கணவர் அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். விஷயம் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. அவர் ஒரு தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் வைத்தார். மகள் தன் அறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். அந்த வருஷம்தான் அவள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கையில் போன் இருந்தது. அதை அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

மகளின் பள்ளி விடுமுறையில் எடுத்த படம் அது. கணவர்தான் எடுத்தார். மகள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். குழலுக்கு நேர் எதிரே, தொடுகிற தூரத்தில், அம்மா இரண்டு கைகளையும் மேலே தூக்கிச் சரணடைகிறாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். இந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று அவளே பலமுறை சொன்னதுண்டு.

"அம்மா" என்றாள் மகள். "அப்ப நான் அமுக்கினேன்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"சும்மா பிடிக்கல. நிஜமாவே அமுக்கினேன். நீ பயப்படணும்னு. முழு பலத்தோட அமுக்கினேன், அசையவே இல்ல. விரலே வலிச்சுது."

அடுப்பில் ஏதோ தீய்ந்தது. கணவர் அணைக்கத் திரும்பவில்லை. அவள் மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அந்த விரல் சாதாரண விரல்தான், நகத்தில் பாதி உரிந்த சாயம் இருந்தது. இப்படி எத்தனை கைகள். கணவன் மனைவியைக் குறிவைத்து, நண்பன் நண்பனைக் குறிவைத்து, தகப்பன் பிள்ளையைக் குறிவைத்து. "இன்னும் கிட்ட நில்லுங்க, அப்பத்தான் படத்துல வருவீங்க" என்று அவர்களை நகர்த்தி நிறுத்தியது அவள். அத்தனை வீடுகளின் சுவரிலும் அலமாரியிலும் போனிலும் அந்தச் சிரிப்பு இப்போதும் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் யாருடைய பெயரும் அவளிடம் இல்லை. சொல்லித்தான் என்ன ஆகப் போகிறது?

விசாரணை முடிய மாதங்கள் ஆயின. துப்பாக்கியின் குழலில் ஈயம் ஊற்றி அடைத்து, விசையை வெட்டி எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பூட்டுக்காரர் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. சுவர்க் கடிகாரம் நின்ற இடத்திலேயே நின்றது. டிக்கெட் அண்ணனை விசாரிக்க அவள் போன் செய்தபோது அவர் மனைவிதான் எடுத்தார். "எங்க உக்காந்தாலும் ரெண்டு நிமிஷத்துல எழுந்துடறாரு தங்கச்சி. சாப்பிடறதும் நின்னுக்கிட்டேதான்" என்றார். வேலைக்கு வர மாட்டார் என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை.

காப்பாளர் பயந்ததற்கு நேர்மாறாக, மறுபடி திறந்த நாளில் வாசல் கொள்ளாத கூட்டம். ஊரெல்லாம் செய்தி பரவியிருந்தது. மண்ணில் மக்கிய பின்னும் சுட்ட துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் எல்லோருக்கும். "நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு. கடைசியில இதையும் ரெண்டு வரி சேத்துக்கோ" என்றார் காப்பாளர் அவளிடம். கெட்ட மனிதர் இல்லை. கூட்டத்தைப் பார்த்ததில் அவருக்கு உயிர் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

அவள் முதல் கூட்டத்தின் முன்னால் நின்றாள். பேச்சில் பம்பு இன்ஜினியர் வந்தார், மணல் வந்தது. "சிப்பாய்ங்க இதுக்கு வெச்ச பேரு" என்ற இடத்தில் வழக்கம்போல நிறுத்தினாள். நிறுத்தியது நிறுத்தியதுதான். நாக்கு மேலே எழவில்லை. முன்வரிசையில் ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "மாமியார்தானே?" என்று எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு காப்பாளரின் அறைக்குப் போனாள்.

"கவுண்டர்ல ஆள் இல்லையே சார். நான் உக்காந்துக்கறேன்."

"நீயா? பேசாம இருப்பியா நீ?"

"இருப்பேன்."

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. புது நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். அவள் போய் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் பலகை. அதற்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த பையன் அவளுடைய வரிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தது மங்கலாகக் கேட்டது. துளையை அடைக்க வேண்டாம், அதையும் காட்டலாம் என்று காப்பாளர் முடிவெடுத்திருந்தார். ஜன்னலில் கை நீட்டியவர்களுக்கு அவள் டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தோளுக்குப் பக்கத்தில் பலகை உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். துளை வழியாக ஒரு சின்ன விரல் உள்ளே வந்திருந்தது. யாரோ குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். விரல் காற்றில் வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. அந்தப் பக்கம் ஓர் ஆணின் குரல், "போதும்டா செல்லம், எடு" என்றது. விரல் போயிற்று. ஒரு நொடி வெளிச்சம் வந்தது. பிறகு அதே இடத்தில் ஒரு கண் வந்து, இமைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.