இடது கண்ணின் முறை

கொத்தனாரின் மனைவிக்கு முதியோர் பென்ஷன் வர ஆரம்பித்ததும் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆடு வாங்கச் சொன்னார்கள், கூரையை மாற்றச் சொன்னார்கள். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுற்றுவட்டாரத்துக்கே துணி தைத்துக் கொடுத்தவள் அவள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன பிறகு, வயதானால் கண் மங்கத்தான் செய்யும் என்று மற்றவர்களுக்கு முந்தித் தானே சொல்லிவிட்டு, தையல் மெஷினைப் போர்வை போட்டு மூடிவிட்டாள். வைத்தியம் என்றால் மகளிடம் கேட்க வேண்டும். மகளோ தன் பிள்ளைகளின் வயிற்றைப் பார்க்கவே திண்டாடுகிறவள். பெற்ற பெண்ணிடம் கை நீட்டுவதைவிடக் கண்ணை மூடிக்கொள்வது மேல் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டாள்.

"இனிமே என் கண்ணு, என் செலவு," என்றாள் இப்போது. முதலில் வலது கண். பிறகு கொஞ்ச நாள் பணம் சேர்த்து இடது கண்.

கொத்தனாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளைக் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு, நாளைக் காலை கட்டுப் பிரிக்கும்போது வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பாதி வழியில்தான் அது அவருக்கு உறைத்தது. நாளைக்கு அவளுக்குக் கண் தெரியப் போகிறது.

இத்தனை நாள் அவளிடம் சொல்லி வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அவர் பொய்யர் இல்லை. பெண்டாட்டி மனசு கோணக்கூடாது என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். வீட்டுச் சுவருக்கு நீலம் அடிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டபோது, வேலை பார்த்த இடத்தில் மிஞ்சிய ரோஸ் பெயிண்ட்தான் கைக்குக் கிடைத்தது. அதை அடித்துவிட்டு, வானத்தை அப்படியே வழித்துப் பூசியிருக்கிறேன் என்றார். அவளும் சுவரைத் தடவிப் பார்த்து மகிழ்ந்துபோனாள். அவள் நட்ட எலுமிச்சை பட்டுப்போனதைச் சொல்ல வாய் வரவில்லை. சந்தையில் காய் வாங்கி வந்து, நம்ம மரத்துக் காய் என்று கொடுத்துக்கொண்டிருந்தார். தன் மீசை இன்னும் கறுப்பாகவே இருப்பதாகவும் எப்போதோ ஒரு முறை வாய்தவறிச் சொல்லியிருந்தார்.

இவற்றுக்கெல்லாம் மன்னிப்பு உண்டு. கால்தான் சங்கடம்.

வேலையில் செங்கல் விழுந்து இடது பாதத்தில் பட்ட புண், சர்க்கரை வியாதியால் ஆறவே இல்லை. செருப்புக் கடி என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அவருக்கென்று பென்ஷனும் கிடையாது. கிழவர்களை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று ஒரு மேஸ்திரி சொன்னதற்காக, அடையாள அட்டையில் வயதைப் பத்து வருஷம் குறைத்துப் பதிந்துகொண்ட புத்திசாலி அவர். காகிதக் கணக்கில் அவர் இன்னும் இளந்தாரி. பென்ஷன் ஆபீசில் இருந்த பெண், "அக்காவைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

அந்தப் புண்ணை அவள் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இடது கண்ணுக்குச் சேர்க்கிற பணமெல்லாம் காலுக்குப் போய்விடும். அவள் மறுபடியும் மெஷினில் உட்கார வேண்டும், ஊசியில் நூல் கோக்க வேண்டும். அதற்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஆகவே அவள் காலைப் பார்க்கவே கூடாது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மளிகைக் கடைக்குப் போய் இருந்த சொட்டு நீலம் முழுவதையும் வாங்கினார். சலவைக் கடை வைக்கப் போகிறீரா என்று கடைக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. சுண்ணாம்பில் நீலத்தைக் கொட்டிக் கலக்கி, நொண்டிக்கொண்டே சுவரெல்லாம் அடித்தார். பட்ட மரத்தில் எலுமிச்சைகளைத் தையல் நூலால் கட்டித் தொங்கவிட்டார். முடிவெட்டுபவரிடம் போய் மீசைக்கு மை தீட்டிக்கொண்டார். கடைசியாக, பெட்டிக்கு அடியில் கிடந்த மருமகனின் பழைய ஷூவை எடுத்து, காலுறைக்கு மேல் மாட்டிக்கொண்டார். பிறந்தது முதல் ஷூ போடாத கால். வலி உச்சந்தலை வரை போனது. இருந்தாலும் பரவாயில்லை, கால் மறைந்துவிட்டது.

மறுநாள் நர்ஸ் கட்டைப் பிரித்தாள். கொத்தனாரின் மனைவி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எதிரில் நின்றவரை வெகுநேரம் பார்த்தாள்.

"புருவம் வெளுத்திருக்கு, மீசை கறுத்திருக்கு. யாருங்க நீங்க?"

நர்ஸ் சிரித்தபடி, கண்ணைக் கசக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, குனியவே கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் அவள் சும்மா வரவில்லை. கடைப் பலகை, சுவர் விளம்பரம், முன்னால் போகிற லாரியின் பின்புறம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படித்தாள். முன் சீட்டுக்காரரின் சட்டையில் தோள்பட்டைத் தையல் கோணலாக இருக்கிறது என்று அவரிடமே சொன்னாள். கொத்தனார் காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் அவள் நின்றுவிட்டாள். ரோஸின் மேல் அடித்த நீலம் இரவோடு இரவாகக் காய்ந்து, ஓரிடத்தில் கத்திரிக்காய் நிறமாகவும் ஓரிடத்தில் அடிபட்ட முழங்கால் நிறமாகவும் தெரிந்தது. நேராக எலுமிச்சை மரத்திடம் போய் ஒரு காயைத் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் ஒரு தையல்காரியோட குடித்தனம் பண்ணியிருக்கீங்க. ஒரு முடிச்சு போடத் தெரியலையே."

பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்தாள். முறைப்பாள் என்று பயந்திருந்த கொத்தனாருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பிழைத்தோம் என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தப்பு. ஷூ அவள் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது.

"இது எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்குப் போறோமேன்னு, மரியாதைக்கு."

அவள் கை ஷூவை நோக்கிப் போனது. குனியக்கூடாது என்று நர்ஸ் சொன்னதை அவர் அவசரமாக நினைவுபடுத்தினார்.

"சரி, நான் குனியலை. நீங்க காலைத் தூக்கி ஸ்டூல் மேல வைங்க."

கால் ஸ்டூலுக்கு ஏறியது. காலுறை புண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெந்நீர் விட்டு நனைத்து, அவள் மெல்ல மெல்லக் கழற்றினாள். பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுபோனது.

எதற்காக மறைத்தார், இடது கண்ணுக்கு என்ன ஆகும், மெஷின் என்ன ஆகும் என்றெல்லாம் அவர் கோர்வையில்லாமல் உளறினார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"ஒத்தைக் கண்ணுக்கே இத்தனை பொய் தெரியுது. ரெண்டும் திறந்தா நீங்க தாங்க மாட்டீங்க," என்றாள். "கண்ணு காத்திருக்கும். காலு காத்திருக்காது. நாளைக்கே போறோம்."

"உன் பணத்துல எனக்கு வைத்தியமா?"

"காகிதத்துல நீங்க எனக்குத் தம்பியாச்சே. தம்பியை அக்கா பார்க்காம வேற யாரு பார்ப்பா?"

தம்பிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊசியில் நூல் என்று மறுபடி ஆரம்பித்தார். இடது கண்ணின் முறை வரும்வரைக்கும் நூலை அவரே கோத்துக் கொடுக்கட்டும், அப்படியே முடிச்சு போடவும் கற்றுக்கொள்ளட்டும் என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. பாதத்தில் வெள்ளைத் துணி சுற்றி, காலை நீட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தார். சொல்லாமல் விட்ட பொய்களையெல்லாம் ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் உத்தரவு. அவரும் ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். ஆற்றுப் பாலத்தை அவர் கட்டவில்லை, அதற்குக் கல் சுமந்தார். கல்யாணத்துக்கு முன் அவளைப் பார்க்க வந்தபோது போட்டிருந்த கடிகாரம் ஓடாது. அவள் தைத்துக் கொடுத்த முதல் சட்டை அக்குளில் பிடித்தது, அதோடுதான் மூன்று வருஷம் போட்டார். அவள் அடக்க மாட்டாமல் சிரித்தாள். முன் சீட்டில் இருந்தவர்கள் வெட்கமில்லாமல் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் நின்றது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க தம்பி," என்றாள் அவள் கண்டக்டரிடம். "பெண் பார்க்க வந்த அன்னிக்கு ரெண்டாவது தடவை எதுக்குத் தண்ணி கேட்டாருன்னு சொல்லிட்டிருக்காரு. கேட்டுட்டு இறங்கிடறோம்."