ஒரே மூச்சுப் பாட்டு

“நீ எப்பமாவது ஓடியிருக்கியா மோளே?” என்று பத்மகுமார் அண்ணன் கேட்டபோது அஜிதா தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சாலைக் கடைத்தெருவின் துணிக்கடை ஒன்றில் புடவை மடிப்பவள் அவள். ஓடுவதற்கு எங்கே இடம்?

பத்மகுமாரின் ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் அஜிதாவையும் சேர்த்துப் பாட்டுப் பைத்தியங்கள் ஐந்து பேர் ஞாயிறு மதியம் கூடுவார்கள். மாதம் ஒரு பொருள். அதற்குப் பன்னிரண்டு பாட்டைத் தேற்றி, பென்டிரைவில் ஏற்றி, பெயர் எழுதாமல் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். கைக்கு வந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டு, அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மனதை விட்டுப் போகாத பாட்டென்றால் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம். பத்மகுமார் எதையும் அப்படி வைத்துக்கொண்டதில்லை. “கொள்ளாம், பட்சே...” என்று, அதாவது ‘நல்லா இருக்கு, ஆனால்’ என்று மலையாளத்தில் தொடங்கி, தோலை உரித்துவிடுவார்.

இந்த மாதப் பொருள் விளையாட்டு; பத்மகுமார் அப்படிக் கேட்டதும் அதனால்தான். ரெஜி பந்தாட்டப் பாட்டாகவே அள்ளியிருப்பான், ஜினு கிரிக்கெட்டை விடமாட்டான். அஜிதாவுக்குப் பதினொன்றுதான் தேறியது. பன்னிரண்டாவதாக, யாருக்கும் காட்டாத நோட்டில் அவளே எழுதிய சடுகுடுப் பாட்டு ஒன்று இருந்தது. அது ஒரு தடவையாவது யார் காதிலாவது விழ வேண்டும். சிரித்துவிட்டார்கள் என்றால், அதன்பிறகு நோட்டைத் தொடுவாளா என்பதே சந்தேகம்.

பக்கத்து அரிசிக் கிடங்கில் தூற்றிப் புடைக்கும் வடிவம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, கல்யாணத்துக்கு முன் சடுகுடு ஆடியவள். அஜிதா பாட்டை வாசித்துக் காட்டினாள். யார் எழுதியது என்று வடிவம்மாள் கேட்கவில்லை.

“என்னட்டி இது, வரிக்கு வரி நின்னு நின்னு போவுது? எதிராளி கோட்டுக்குள்ள மூச்சு விட்டா நான் அவுட்டுல்லா?”

அஜிதாவுக்கு முகம் சூடேறியது. அவள் எழுதியதெல்லாம் உட்கார்ந்து எழுதியது. அன்று மாலையே நிற்கும் இடங்களையெல்லாம் அடித்து, ஒரு வரியின் வாலை அடுத்த வரியின் தலையில் முடிந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் வடிவம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். அஜிதா போனில் பதிவைத் தட்டிவிட்டு மூட்டைமேல் வைத்தாள்.

“மதிலத் தொட்டேன் மழையத் தொட்டேன் தொட்டவ பேரச் சொல்லமாட்டேன் சொல்லமாட்டேன்...”

ஐம்பது வயது உடம்பு மூட்டைகளுக்கு நடுவே குனிந்து பாய்ந்தது. கடைசிச் சுவரைத் தட்டித் திரும்பியது. குரல் அறவில்லை. கூடவே மூச்சைப் பிடித்துப் பார்த்த அஜிதா பாதியில் தோற்றுப்போனாள். சுமை இறக்கியவர்கள் இறக்கிய இடத்திலேயே நின்றார்கள். எழுத்து அவள் எழுத்துதான். ஆனால் அதற்கு இவ்வளவு நெஞ்சு உண்டென்று அவளுக்கே தெரியாது.

டப்பாவிலிருந்து அவளுடைய பென்டிரைவ் பத்மகுமார் கைக்குப் போனது. அந்த வாரம் முழுக்க அவளுக்குப் புடவை நேராக மடியவில்லை.

ஞாயிறு வந்தது. பத்மகுமார் முன்னுரை சொல்லாமல் பன்னிரண்டாவதை மட்டும் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். அரிசி மூட்டையில் கால் உரசும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு அந்தக் குரல். ரெஜியின் கன்னம் மெல்ல உப்பியது. ஜினு மேசையைப் பிடித்துக்கொண்டான். சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் மூச்சை அடக்கியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் கடை முழுக்க ஒரே பெருமூச்சு.

பத்மகுமார் “கொள்ளாம்” என்பார், பிறகு “பட்சே” வரும் என்று அஜிதா தரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

அவர் பென்டிரைவைப் பிடுங்கி எடுத்தார். டப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டு, தன் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.