கஸ்பர் அண்ணையின் நூற்றெழுபது சென்ரிமீற்றர்

றோஸ்மலருக்கு விஞ்ஞானப் பித்துப் பிடித்தது வெங்காயத்தால். புலம்பெயர்ந்து வந்த குட்மேய்ஸ் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. காலையில் வெங்காயம் உரிக்கும்போது காதில் மாட்டிக் கேட்கிற பாட்டுகள் ஒருநாள் அலுத்துப்போக, உடம்பைப் பற்றியும் இயற்கையைப் பற்றியும் பேசுகிற நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுவிட்டாள். அன்றோடு மாதா கோவில் பங்கு மக்களின் நிம்மதி போயிற்று.

மூக்கின் இரண்டு துவாரங்களும் முறை வைத்துத்தான் வேலை செய்கின்றன என்று அவள் சொல்லிப் பரப்பிய ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கோவில் பிரசங்கம் முடியும் வரை மூக்கை ஒவ்வொரு பக்கமாகப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ நாற்றம் என்று நினைத்த ஃபாதர், நடுவில் நிறுத்தி ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார்.

"உனக்கு வேற வேலை இல்லை" என்பான் அவள் கணவன் சவிரிமுத்து. மீன்கடையில் நிற்கிறவன். அதிகம் பேசமாட்டான். ஆனால் அவனுக்கும் ஒரு ஆசை இருந்தது. மாதா திருநாளில் மாதாவின் சிலையான சுரூபத்தைத் தோளில் சுமக்கிற நாலு பேரில் ஒருவனாக, அதுவும் முன்வரிசையில், ஒருதடவையாவது நடக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்தான். இந்த வருடம் முன்வரிசையில் ஒரு இடம் காலியானது.

அந்த வரிசையின் மற்ற இடம் திருநாள் சபைத் தலைவர் கஸ்பருடையது. போன வருடம் சுமந்தவர்களின் உயரம் ஒத்துவராமல் சுரூபம் சரிந்து, பூமுடி கழன்று ஃபாதரின் தலையில் விழுந்திருந்தது. அதனால் இம்முறை கஸ்பர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்.

"முன்னுக்கு நிக்கிற ஆள் நூற்றெழுபது சென்ரிமீற்றர் இருக்க வேணும். என்ர உயரம். குறையக் கூடாது."

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பங்கு மண்டபத்தில் அளவு நாடாவோடு நின்றார். வந்தது இரண்டு பேர். சவிரிமுத்துவும், பொதிக் கிடங்கில் இரவு ஷிப்ட் செய்கிற நிர்மலனும். நிர்மலன் சரியாக நூற்றெழுபது. சவிரிமுத்து நூற்றறுபத்தொன்பது.

"ஒரு சென்ரிமீற்றர் காணாது, தம்பி" என்றார் கஸ்பர்.

சவிரிமுத்து வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் டிவிக்கு முன்னால் இருந்தான். டிவி போட்டிருக்கவில்லை. அதைப் பார்த்த றோஸ்மலருக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னப்பா, நிர்மலன் எத்தனை மணிக்கு எழும்பினவனாம்?"

"இரவு வேலைக்காரன்தானே. அஞ்சு மணிக்கு எழும்பி நேர வந்தனெண்டு சொன்னவன்."

"நீங்கள்?"

"காலமை ஆறு மணியில இருந்து கடையில நிண்டனான். அதுக்கு இப்ப என்ன?"

அவள் துள்ளி எழுந்தாள். "அநியாயம்! இது சுத்த அநியாயம்!"

முள்ளந்தண்டில் எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை மாதிரி சவ்வு இருக்கிறது. பகலெல்லாம் நின்றால் உடம்பின் பாரம் அதை நசுக்கி, உள்ளே இருக்கிற நீர் கசிந்து, சவ்வு மெலிகிறது. படுத்துத் தூங்கினால் மறுபடி நீரை உறிஞ்சி ஊதுகிறது. தூங்கி எழுந்த மனிதன் மாலையில் இருப்பதைவிட ஒரு சென்ரிமீற்றர், சில வேளை அதற்கு மேலும், உயரம். இதையெல்லாம் அவள் கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினாள்.

"இதைப் போய் கஸ்பர் அண்ணைக்குச் சொல்லாதை. சிரிப்பார்" என்றான் சவிரிமுத்து.

சொல்லத்தான் கூடாது, காட்ட வேண்டும் என்று றோஸ்மலர் முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டபத்தைக் கழுவச் சபையார் கூடினார்கள். கஸ்பர் கண்ணில் தூக்கம் மாறாமல் வந்து இறங்கினார். றோஸ்மலர் தேநீர்க் கோப்பையை நீட்டினாள்.

"அண்ணை, ஒவ்வொரு முறையும் நாடா பிடிச்சு அளக்கிறது கரைச்சல். உங்கட உயரத்தைச் சுவரில ஒரு கோடாப் போட்டுவிட்டா, வருசா வருசம் அதில ஆக்களை நிப்பாட்டிப் பாக்கலாம்."

கஸ்பருக்கு முகம் மலர்ந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்றார். அவள் பென்சிலால் கோடு போட்டு அளந்தாள். நூற்றெழுபதும் கொஞ்சமும். கோட்டுக்குப் பக்கத்தில் அவரே தன் பெயரை எழுதி, அடியில் ஒரு வளைவும் போட்டார்.

அன்று பகல் முழுவதும் கதிரை தூக்கவும் மேசை இழுக்கவும் கூப்பிட்டு, அவரை அவள் உட்காரவிடவில்லை. "அண்ணை, நீங்கள் பிடிச்சாத்தான் நேராப் போகும்" என்று ஒரு சொல் போதும், மனிதர் எழுந்து வந்துவிடுவார். ஆறு மணிக்கு எல்லாரும் புறப்படும்போது குரல் கொடுத்தாள்.

"அண்ணை, கோடு சரியோ எண்டு ஒருக்கா நிண்டு காட்டுங்கோ."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார். கோடு அவர் தலைக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்குத் தனியாக நின்றது.

பின்னால் ஜெராட் என்கிற பெரியவர் களுக்கென்று சிரித்தார். "கஸ்பர், உன்ர சட்டப்படி நீயும் தூக்கேலாது போல கிடக்கு."

"ஆரோ கோட்டை அழிச்சு மேல போட்டிருக்கினம்!" என்றார் கஸ்பர்.

"உங்கட கையெழுத்தும் சேர்ந்து மேல ஏறினதோ, அண்ணை?" என்றாள் றோஸ்மலர் பணிவாக.

நாடா வந்தது. நூற்றறுபத்தொன்பது. இப்போது அவள் சவ்வின் கதையைச் சொன்னாள். சவிரிமுத்து பயந்தபடி ஒருவரும் சிரிக்கவில்லை. கஸ்பர் மட்டும் மூன்று தரம் அளந்து பார்த்தார். பொல்லாதவர் என்றாலும் நேர்மையானவர்.

"சரி. எல்லாரையும் ஒரே நேரத்தில அளப்பம். எப்ப?"

"நாளைக்குக் காலமை எட்டு மணி" என்றாள் அவள், மற்றவர்கள் வாய் திறக்கும் முன்.

சனி இரவு நிர்மலனுக்கு ஷிப்ட் என்பது அவளுக்குத் தெரியும். விடிய விடிய நின்று பொதி அடுக்கிவிட்டு அவன் நேரே கோவிலுக்குத்தான் வருவான். சவிரிமுத்துவை ஏழரை மணி வரை கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. தேநீரைக்கூடப் படுக்கையில் கொடுத்து, காரில் முன் இருக்கையைப் பின்னால் சாய்த்து, படுத்தபடியே கொண்டுவந்து சேர்த்தாள். சவிரிமுத்து நூற்றெழுபது. கஸ்பர் நூற்றெழுபது. கண் சிவந்து வந்த நிர்மலன் நூற்றறுபத்தொன்பதுக்கு ஒரு நூல் குறைவு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவன் போய் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, அப்படியே தூங்கிப்போனான்.

அடுத்த ஞாயிறு திருநாள். சவிரிமுத்து வெள்ளை வேட்டி கட்டி, முன்வரிசையில், மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் நடந்தான். தோளில் பாரம் இருந்தும் முகத்தில் அது தெரியவில்லை. அழக்கூடாது என்று உதட்டை இறுக்கியிருந்தது மட்டும் றோஸ்மலருக்குத் தெரிந்தது. தெருவோரம் நின்ற வெள்ளைக்கார அயலவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

அவள் சந்தோசம் பாதி வழிதான் நிலைத்தது. பக்கத்தில் ஒரு குடை வந்து நின்றது. நிர்மலனின் மனைவி டிலக்சனா.

"அன்ரி, அண்டைக்கு இவர் ஷிப்ட் முடிச்சு வருவாரெண்டு உங்களுக்கு முதலே தெரியும்தானே?"

றோஸ்மலர் மெழுகுதிரியை மறு கைக்கு மாற்றினாள். பொய் சொல்லலாம். ஆனால் பத்தடி முன்னால் மாதா போய்க்கொண்டிருந்தாள்.

"ஓம் பிள்ளை. தெரியும். பிழைதான்."

டிலக்சனா குடையை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். "ஏழு மாசமா அவருக்கு முதுகு நோவு, அன்ரி. ஒருத்தருக்கும் சொல்லவிடமாட்டார். தூக்காதேங்கோ எண்டு நான் கெஞ்சினது மாதாவுக்குத்தான் தெரியும். ஆக்களுக்கு முன்னால விட்டுக்குடுக்க அவருக்கு வெக்கம். உயரம் காணாதெண்டு சொன்ன உடனே ஆறுதலாப் போய்ப் படுத்திட்டார்."

றோஸ்மலர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போன பெண்கள் திரும்பி முறைத்தார்கள்.

"அது சரி அன்ரி" என்று டிலக்சனா குரலைத் தாழ்த்தினாள். "அவரின்ர குறட்டைக்கும் விஞ்ஞானத்தில ஏதும் இருக்கோ?"

றோஸ்மலர் கையிலிருந்த மெழுகுதிரியை அவளிடம் கொடுத்துவிட்டு, கைப்பையைத் திறந்து போனைத் தேடினாள்.